கேக்குக்குப் பின்னால் போன ஜீப்

நெடுந்தீவில் நான் ஜீப் ஓட்டுகிறேன். படகில் வருபவர்களை இறங்குதுறையில் ஏற்றி, கோட்டை, குதிரை வெளி என்று சுற்றிக் காட்டுவது தொழில். பாதை பெரும்பாலும் முருகைக்கல்லும் மணலும்தான். குலுக்கலைத் தாங்க ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு சொக் அப்சோபர் உண்டு. உப்பும் மணலும் முதலில் பதம் பார்ப்பது அதைத்தான்.

சென்ற ஆவணியில் அயல்வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம். மணப்பெண்ணின் அக்காவும் அவருடைய கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தட்டுக் கேக்கைக் கட்டிப்பிடித்தபடி படகில் வந்து இறங்கினார்கள். அதே படகில் எனக்கும் ஒரு பெட்டி வந்தது: ஜீப்பின் பின்பக்கத்துக்குப் புதிய சொக் இரண்டு. பழையவை எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, மாத்திப்போட்டுப் போவம்" என்றேன்.

"ஐயோ, கிறீம் உருகுது. நீர் எடும் வாகனத்தை."

எடுத்தேன். முதல் பள்ளத்தில் இறங்கிய ஜீப் துள்ளியது, பிறகும் துள்ளிக்கொண்டே இருந்தது. கேக்கின் மேல்தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"நிப்பாட்டும்! நாங்கள் நடக்கிறம்!"

இருவரும் கேக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடந்தார்கள். விட்டுவிட்டுப் போக மனம் வராமல், வெறும் ஜீப்பை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். சைக்கிளில் வந்த ஒரு அண்ணை காலை ஊன்றி நின்றார்.

"என்ன தங்கச்சி, சாமி ஊர்வலமோ?"

"ஓம் அண்ணை, கேக்குச் சாமி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தன் குடையைக் கேக்குக்குப் பிடித்தார். மதில்களுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கலியாண வீட்டுப் படலை வாசலில் இருந்த நாதஸ்வரக்காரர் கூட்டத்தைக் கண்டதும் வாசிக்கவே தொடங்கிவிட்டார். மணப்பெண் வெளியே ஓடிவந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உதிர்ந்தது ஒரேயொரு கிறீம் ரோசாப்பூ. அதை அக்கா என் வாயில் திணித்தார்.

அடுத்த நாள் புதிய சொக்கைப் பூட்ட நானும் என் கணவரும் ஜீப்பின் கீழ் படுத்தோம். பழைய சொக்கின் திருகாணி துருவேறி அசையவே மாட்டேன் என்றது. டீசல் ஊற்றி ஊறவிட்டு, இருவருமாக ஸ்பானர் சாவியில் தொங்கினோம். திடீரென்று கழன்றது, இருவரும் மணலில் மல்லாந்தோம்.

"இதுக்கு ஒரு உறை போட்டால் என்ன?" என்றார் கணவர். அவருடைய பழைய டெனிம் களிசானின் கால்களை வெட்டிச் சொக்கின் தண்டுகளுக்கு மாட்டினேன். மணல் தண்டைக் கீறாமல் இருக்கத்தான். ஆனால் ஈர உறையை அப்படியே விட்டால் உள்ளே மணல் தங்கும், துருவும் பிடிக்கும். அதனால் சனிக்கிழமைகளில் கழற்றித் துவைத்துக் காயவிடுகிறேன். தண்டைத் துடைத்து, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, ஆணிகளை இறுக்குகிறேன். பள்ளத்தைக் கண்டால் மெதுவாக இறங்குகிறேன்.

"ஜீப் களிசான் போட்டிருக்கு!" என்று வருகிறவர்கள் குனிந்து படம் எடுக்கிறார்கள். இரண்டாவது சோடி உறையும் கிழிந்துகொண்டு வருகிறது. கணவர் இப்போது அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்.