சிறைவாசலில் வாங்கிய சீட்டு

மூக்குக்கண்ணாடிக் கடை அக்கா கடவுள் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். அவள் தம்பியோ வீட்டிலேயே எட்டுப் பேரைக் கூட்டி ஜெபம் நடத்துபவன். அவனுடைய வேதப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு பொடி எழுத்தா? உங்க சாமி என் கடைக்குத்தாண்டா ஆள் புடிக்கிறாரு" என்று சிரிப்பாள்.

ஒரு ஞாயிறு காலை, அனுமதியில்லாத ஜெபம் என்று ஒன்பது பேரையும் போலீஸ்காரர்கள் வேனில் ஏற்றிப் போனார்கள். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது தம்பியின் கண்ணாடி தரையில் நொறுங்கிக் கிடந்தது. மைனஸ் ஒன்பது பவர். அது இல்லாவிட்டால் அவனுக்குத் தன் கையே புகைமூட்டம்.

"அப்படி யாரையும் நாங்க புடிக்கல" என்றது காவல் நிலையம். சிறையிலும் அதே பாட்டு. அக்கா தேடிப் போன வக்கீலம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இல்லவே இல்லங்கிற ஆளுக்கு நான் என்னன்னு வாதாட? உள்ள இருக்காங்கன்னு ஒரு துண்டுக் காகிதம் கொண்டாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அக்கா புதுக்கண்ணாடி செய்தாள். கைதிகளுக்கான பொருளை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கும் சிறை ஜன்னலில் செவ்வாய்தோறும் போய் நின்றாள். நான்கு வாரமும், "அப்படிப் பேரே இல்ல, நகரும்மா."

ஐந்தாவது வாரம் புது குமாஸ்தா. பதிவேட்டில் ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடிக் கூட்டை ஜன்னலுக்குள் நகர்த்தினாள்.

"யாருய்யா அங்க, இவ்வளவு நேரம்?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஒண்ணுமில்ல சார், கண்ணாடி." குமாஸ்தா மளமளவென்று பெயர், கைதி எண், அறை எண் எழுதி முத்திரை குத்தினார். சீட்டை நீட்டும்போது உதடு அசையாமல் சொன்னார்: "இன்னும் எட்டுப் பேர் இருக்காங்கம்மா. அவங்களுக்கும் பார்வை மங்கல்தான்."

அக்கா ஓடவில்லை, ஓடினால் பிடித்துவிடுவார்கள். சீட்டை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு வாசல் காவலரைக் கடந்தாள்.

மற்ற எட்டு வீடுகளுக்கும் போய், ஆளுக்கொரு கண்ணாடியோடு ஜன்னலுக்கு வரச் சொன்னாள். "இருக்கிற பிள்ளையையும் தூக்கிட்டா?" என்று ஒரு தாய் அழுதாள். "கண்ணாடி குடுத்ததுக்கு யாரும் புடிக்க மாட்டாங்க" என்றாள் அக்கா. அதில் அவளுக்கே நம்பிக்கையில்லை. மறுவாரம் மூன்று பேர் வந்தார்கள். அதே குமாஸ்தாவிடம் மூன்று சீட்டு கிடைத்தது. அடுத்த செவ்வாய் ஜன்னலில் வேறு ஆள்.

வக்கீலம்மா நான்கு சீட்டையும் நீதிபதி முன் வைத்தார். 'யாரும் இல்லை' என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்த அரசுத் தரப்பு வக்கீல் தண்ணீர் கேட்டார். ஒன்பது பேரையும் கொண்டுவர உத்தரவானது. விசாரணை முடிந்து ஐந்து பேர் வீடு திரும்பினார்கள். தம்பிக்கும் மற்ற மூவருக்கும் மூன்று வருடம் சிறை. கூண்டில் நின்ற தம்பி கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். அவள் அழவில்லை, வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

இப்போது கடையின் பின்னறையில் கைதிகளின் வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா மனு எழுதுகிறாள். அந்தக் குமாஸ்தா என்ன ஆனார் என்று கேட்காத இடமில்லை. அவர் பேர்கூட அவளுக்குத் தெரியாது. "பேர் தெரியாதவருக்காக மனு போட முடியுமா?" என்று வக்கீலம்மாவைக் கேட்டாள்.

"போட்டுப் பாப்போம்" என்றார் அவர்.