ஆடாத சாமி, ஒரே நொடி

என் வீட்டுக்காரர் தனக்குத் தானே ஊசி போடப் பழகிய அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அவர், நான், என் நாத்தனார் புருஷன், ஆஸ்பத்திரி நர்ஸம்மா. என் வயிற்றிலிருந்த ஏழு மாதத்துப் பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து பேர். வேறு யாரும் வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கூட்டம் கூடினால் அவருக்குக் கை நடுங்கும் என்று பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை!

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அவருக்குச் சர்க்கரை வியாதி, தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும், விட்டால் ஆள் தங்க மாட்டான் என்று அரக்கோணத்து டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் நர்ஸம்மா வந்து போட்டார். பிறகு எனக்குக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆனாலும் ஊசியின் கண்ணாடிக் குழாயில் இருக்கும் கோட்டை எண்ணத் தெரியும். எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணுவேன். "இன்னாம்மே, நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள மருந்து ஆவியாப் பூடும் போலக்கீதே" என்பார் வீட்டுக்காரர். குத்தும்போது மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நாளெல்லாம் அந்தப் பிடி தோளில் இருக்கும்.

தலைப் பிரசவத்துக்கு என்னைப் பள்ளிப்பட்டுக்கு அழைத்துப் போக அம்மா வருவதாக இருந்தது. நான் போய்விட்டால் யார் போடுவது? நாத்தனார் புருஷன் ஒருநாள் இங்கே, ஒருநாள் கல்யாண வீடு, ஒருநாள் சந்தை என்று திரிபவர். நர்ஸம்மாவையும் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்; கிளம்பும் முன் கற்றுக்கொடுக்கத்தான் வந்திருந்தார். இனி என் வீட்டுக்காரரேதான் தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் திருத்தணி மலையடியில் சரவணப் பொய்கைக் கரையில் மொட்டையடிப்பவர். கத்தி பிடித்த கைக்கு ஊசி என்ன பெரிசு என்று தோன்றும். ஆனால் அவர்கள் தொழிலில் யாரும் தன் மேல் தானே கத்தி வைப்பதில்லை. பாவா என்று அவர் கூப்பிடும் நாத்தனார் புருஷனுக்கு அவர் சவரம் செய்வார், அவருக்குப் பாவா. தன் கை தன் உடம்பின் மேல் போய்ப் பழக்கமே கிடையாது.

அன்றைக்கு நர்ஸம்மா பழகக் கொடுத்த எலுமிச்சம்பழத்தில் அழகாகக் குத்தினார். தன் தொடைக்கு வந்ததும் ஊசி ஒரு விரல்கடை மேலேயே நின்றுவிட்டது.

"இன்னாப்பா, ஆயிரம் தலை பாத்த கை இப்படி ஆடுது?" என்றார் நர்ஸம்மா.

"தலை அடுத்தவனுதும்மா. இது என்னுது."

நாத்தனார் புருஷன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "வுடுங்க நர்ஸம்மா. தெனம் அந்தப் பழத்துக்கே போடட்டும். அதுக்காவது சக்கரை எறங்கும்."

"பாவா, சும்மா இருக்க மாட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுங்குகிற அந்தக் காலைப் பார்க்கச் சகிக்காமல், கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை உருவி அதன் மேல் போட்டேன். மொட்டைக்கு உட்காருகிறவர் தோளில் அவர் போர்த்துகிற துணி அது. அவர் தன்னை அறியாமலே துணியின் ஓரத்தைச் செருகினார். குத்த வேண்டிய இடத்தை மட்டும் விலக்கினார். தலையில் தண்ணீர் தேய்ப்பதுபோல் ஸ்பிரிட் பஞ்சால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். ஒவ்வொரு தலையிடமும் சொல்வதை அவர் வாய் சொன்னது.

"ஆடாத சாமி, ஒரே நொடி."

ஊசி உள்ளே இருந்தது.

"மச்சான், மொட்டைக் காசை உன் தொடைகிட்ட வாங்கிக்கோ" என்றார் பாவா. எல்லோரும் சிரித்தோம். நர்ஸம்மா மட்டும் சிரித்து முடித்ததும் விரலை நீட்டிச் சொன்னார்: "போட்ட அரைமணிக்குள்ள துன்னணும். துன்னலேன்னா மயக்கம் வரும், உசிருக்கே ஆபத்து." அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். என் தோள் அன்றைக்குச் சும்மா இருந்தது.

பள்ளிப்பட்டில் பெண் பிறந்தது. ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டதால் அவரால் வர முடியவில்லை. அவர் தொழிலுக்கு அதுதான் அறுவடை. கிருத்திகைக் கூட்டத்தில் மொட்டையடிப்பவர்கள் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஊசியைப் போட்டுக்கொண்டு, கூட்டம் கத்துகிறதே என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டால்? அவருக்கு எழுத வராது. யாரைக் கேட்பது? பெட்ரோல் கிடைக்காத அந்த நாளின் கரி பஸ்ஸில் மலையிலிருந்து திரும்புகிறவர்கள் வழவழவென்ற தலையோடு எங்கள் தெரு வழியே போவார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்ப்பேன். இது அவர் கை பட்ட தலையாக இருக்குமோ? எழுந்து ஓடித் தொட்டுப் பார்க்கலாமா என்றிருக்கும்.

கிருத்திகைக்கு மறுநாள் கீரைக்கார அக்கா மொட்டைத் தலையோடு வந்து கூடையை இறக்கினாள். வரும்போதே சத்தம்.

"உங்க ஊர்ல மொட்டையடிக்கிறவன் முருகனுக்கே மேல போலக்கீது! என்ன முன்னாடி உக்கார வச்சிட்டு, ஒருத்தன் தொடையில துணியப் போட்டுகினு ஊசி குத்திக்கிறான். தொடைகிட்ட பேசறாம்மா! 'ஆடாத சாமி'ன்றான். எனக்குத்தான் சொல்றான்னு நானும் ஆடாம உக்காந்துகினு கீறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, தூக்கைத் தொறந்து களியத் துன்றான். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா நெதானமா. அத்தினி பேர் கத்தறோம், காதுலயே போட்டுக்கல."

"முழுசும் துன்னாரா?"

"ஆங், வழிச்சித் துன்னான். நீ ஏன் அழுவற?"

"அவரு எங்க வீட்டுக்காரருக்கா."

"தெரியும்மே. அதான் மொதல்ல உன் வீட்டுக்கு வந்தேன்." அவள் முகம் இறங்கியது. "பள்ளிப்பட்டுல உங்க தெருவுலதான் கீரை விக்கிறேன்னு சொன்னதும் காசு வாங்கல. 'அந்த ரெண்டணாவ எம் பொண்ணு கையில குடு. நான் துன்னதப் பாத்தேன்னு எங்க வீட்ல சொல்லு'ன்னான். முந்தானையிலதான் முடிஞ்சி வச்சேன். பஸ்ஸுக்குப் பத்தல, குடுத்துட்டேன். நாளைக்குத் தந்துடறேன்."

காசுக்குப் பதில் கீரை வாங்கிக்கொள் என்றாள் அம்மா. நான் வேண்டாமென்றேன். அது அவர் பெண்ணுக்கு அனுப்பிய காசு, காசாகவே வரட்டும். "அக்கா, உன் தலையைக் கொஞ்சம் தொட்டுக்கவா?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள். ஒரு கீறல் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு மயிர் விடவில்லை. காய்ந்த சந்தனம் என் உள்ளங்கையில் உதிர்ந்தது. அதைக் குழந்தையின் உச்சியில் தடவினேன்.

திருத்தணிக்குத் திரும்பியதும், "இனிமே நான் போடட்டுங்களா?" என்று கேட்டேன். "உனக்கு ஏம்மே கஷ்டம்? அதான் வந்துடிச்சே" என்றார். கடைசிவரை அவரேதான் போட்டுக்கொண்டார். காலையில் கண்ணாடிக் குழாய் கொதிக்கிற சத்தம் கேட்டால் நான் அடுப்பு வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நிற்பேன். தேவையே இருக்காது, ஆனாலும் நிற்பேன்.

அவர் போய்விட்டார். அணா என்ற காசும் போய்விட்டது. கீரைக்கார அக்கா பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு என்பாள், நானும் சரியென்பேன். என் பெண்ணுக்கு வரவேண்டிய பாக்கி, இரண்டணா.