சேகர் போட்ட கோல்

இன்று பல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "தாடை எப்ப சார் உடைஞ்சுது?" என்று கேட்டார்.

வாய் நிறையப் பஞ்சு. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

அறுபதுகளில் நெய்வேலி சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் குவார்ட்டர்ஸ் பையன்களுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுப்பேன். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அடிக்கடி சொல்வேன்:

"அவங்க கார்னர் அடிக்கறப்ப எல்லாரும் நம்ம கோல்கிட்ட நிப்பாங்க. அவங்க பக்கம் காலியா கெடக்கும். பந்தை வெளிய தள்ளுன உடனே ஓடுங்கடா. எவன் வுழுந்தாலும் நிக்காதீங்க."

முத்தாண்டிக்குப்பத்துப் பையன்களோடு ஆட்டம். கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். எங்கள் முருகேசன் பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினான். அதே நொடியில் எதிரணிப் பையன் ஒருவனின் முழங்கை அவன் கண்ணில் இறங்கியது.

பந்து முருகேசனின் அண்ணன் சேகரிடம் போனது. சேகர் நிற்காமல் ஓடி கோல் போட்டான்.

அவன் திரும்பிப் பார்த்தபோது இரண்டு அணியும் கொடிக்கம்புகளைப் பிடுங்கி அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் முருகேசன் முகமெல்லாம் ரத்தமாகக் கிடந்தான்.

சேகர் எதிரணிப் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"எந்தம்பி வுழுந்துகினு கெடக்கறான். என்னை ஓட வச்சிட்டியேடா!"

ஒரே குத்து. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

முருகேசனின் கண் தப்பியது. ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் சேகர்தான் கஞ்சி ஊட்டினான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனாலும் அது அருமையான கோல். இப்படிச் சொல்வதற்கு யாராவது திட்டுவதென்றால் திட்டலாம்.