ஞானபாயின் இடக்கை எடிட்டர்

ராஜமணி அம்மிக் குழவியைத் தூக்கியபோது ஞானபாய் தலையைத்தான் மறைத்துக்கொண்டாள். அவன் தலைக்குக் குறிவைக்கவில்லை. அவளுடைய வலது கையை இழுத்து, அடுக்களைத் திட்டின்மேல் விரல்களைப் பரத்திவைத்து, மேலே குழவியைப் போட்டான். எடுத்து மறுபடியும் போட்டான்.

"இந்தக் கை இருக்கப்போய்தானே ஏளா ஒனக்கு இந்தத் திமிரு? இனி தட்டு பாப்போம், ஒன் கம்ப்யூட்டர்ல!"

ஆரியசாலையில் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அலறல் கேட்காத காது கிடையாது. கேட்ட வீடுகளில் ரேடியோவின் சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். மறுநாள் அடுத்த வீட்டு மாடம்மாள் ஆஸ்பத்திரிக்குக் காப்பியோடு வந்து, "அடிக்கிற கைதான் மக்களே அணைக்கும்" என்று ஆறுதல் சொன்னாள். இந்தப் பழமொழியைச் சொன்னவன் யாரென்று தெரிந்தால் அவனை ராஜமணியோடு ஒரு மாதம் குடித்தனம் வைத்துப் பார்க்கலாம்.

ராஜமணி அவளுக்கு அத்தை மகன். மார்த்தாண்டத்திலிருந்து வந்து, கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தான். மாவை வீசினால் கண்ணாடித் தாள் தோற்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞானபாய் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். பட்டாபி என்கிற ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர் துணிக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கியபோது, மற்றவர்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமை அடித்து ஏற்றுவதற்காக வேலைக்குச் சேர்ந்தாள். அடித்து அடித்து அவளுக்கே கோபால் என்கிற கம்ப்யூட்டர் மொழி பிடிபட்டது. எண்பத்தாறில் அவளே எழுதினாள். அவளுடைய சம்பளம் அவனுடையதைத் தாண்டிய மாதத்தில் முதல் அறை விழுந்தது. ஏசி அறையில் ஆண்களோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஓட்டலில் யாரோ சொன்ன அன்று குழவி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதும் அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மாற்றுச் சேலை இரண்டோடு பெண்கள் ஹாஸ்டலில் ஓர் அறை பிடித்தாள். தகப்பன் இல்லை, அண்ணன் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினான். வேலை போனால் ஹாஸ்டல் போகும். ஹாஸ்டல் போனால் ராஜமணியின் அடுக்களைதான்.

பட்டாபி அவளுடைய கட்டைப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன ஞானம் இது! நீ லீவ் எடுத்துக்கோ. ஓணம் கழிஞ்சு கட்டுப் பிரிச்சதும் வா. அதுவரைக்கும் வேற ஒரு குட்டியைப் போட்டுச் சமாளிச்சுக்கறேன்."

நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் நல்ல மனத்தோடுதான் வயிற்றில் அடிக்கிறார்கள். வேறு குட்டி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடியும் எழுந்திருக்கவா போகிறாள்?

"ஒரு ஆழ்ச்ச, ஒரே ஒரு வாரம் தாங்க சார்" என்றாள் ஞானபாய். "இடது கை சுகமாத்தானே இருக்கு."

அந்த இயந்திரத்தில் எல்லாமே விசைப்பலகைதான். புரோகிராம் எழுதும் எடிட்டரில் அடிக்கும்போது எழுத்தாக விழுகிற அதே கீ, எழுதி முடித்து எஸ்கேப்பைத் தட்டிவிட்டால் கட்டளை ஆகிவிடும். ஒன்று வரியை அழிக்கும், ஒன்று கீழே போகும், ஒன்று தேடும். மேலே கீழே நகர்த்தும் நாலு கீயும் வலது கைப் பக்கம். ஆனால் இந்த எடிட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. திறக்கும்போது ஒரு சின்ன ஃபைலைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வரும். 'இந்தக் கீ இனி அந்த வேலையைச் செய்யட்டும்' என்று அதில் எழுதிவைத்தால் மறுபேச்சுப் பேசாது. ஞானபாயின் வாழ்க்கையில் சொன்னதைக் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் நாள் அதுவும் கேட்கவில்லை. வலதுபக்கக் கீயின் வேலையை இடதுபக்கத்துக்கும், இடதுபக்கத்து வேலையை வலதுபக்கத்துக்கும் மாற்றி எழுதினாள். எடிட்டர் இதைக் கேட்டால் அதனிடம் போ என்றது, அதைக் கேட்டால் இதனிடம் போ என்றது. மருமகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாமியாரை மருமகள் வீட்டுக்கு அனுப்பிய கதை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் கூவிவிட்டு நின்றுபோனது. புருஷனைத் திட்ட முடியாத வார்த்தைகளால் எல்லாம் அதைத் திட்டினாள். பிறகு கையேட்டைப் புரட்டி, மாற்றிய கீயை மறுபடி மாற்றத் தேடிப் போகாதே என்று ஒரு வரி சேர்த்தாள். அடங்கியது.

அப்புறம் ஒவ்வொன்றாக இடது கைக்குக் கொண்டுவந்தாள். வலதுபக்கத்து எழுத்து வேண்டுமானால் இடது ஓரத்து டேப்பைத் தட்டிவிட்டு, அதற்கு நேர் எதிரே இருக்கும் இடதுபக்கத்து எழுத்தை அடிப்பாள். டேப், எஃப் என்றால் ஜே விழும். கோபாலில் வார்த்தைகள் முழ நீளம். அவற்றுக்கெல்லாம் இரண்டெழுத்தில் பெயர் வைத்தாள். அந்த இரண்டை அடித்தால் எடிட்டரே முழு வார்த்தையையும் போட்டுக்கொள்ளும். கட்டுக்குள் வலது கை தெறித்தது. வலியில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய் புண்ணாயிற்று. வார முடிவில், சாலைக் கம்போளச் சந்தையில் ஓர் எண்ணெய் மண்டிக்கு எழுதிக்கொண்டிருந்த ஸ்டாக் புரோகிராம் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடியது.

பட்டாபி ஆச்சரியத்தோடு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கீயைத் தட்டினார். "ஐயையோ, கீழே போன்னா அழிச்சுத் தள்ளறதே!" என்று துள்ளி எழுந்தவர், அதற்குப் பிறகு அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை.

ஒற்றைக் கையாலேயே அவள் பிழைத்துக்கொண்டாள் என்ற செய்தி ராஜமணிக்கு எட்டியது. ஒரு சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான். அடிவயிற்றில் மிதித்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வட்டமாக விலகி இடம் கொடுத்தார்கள்.

"இடது கையும் எனக்குள்ளதுதான், கேட்டியா? ஒருநாள் வந்து அதையும் எடுத்துட்டுப் போவேன்."

வாயில் ரத்தத்தோடு அவள் எழுந்தாள். அன்று இரவெல்லாம் அவள் அழவில்லை. பயந்தாள். உடம்பெல்லாம் பயந்தாள். விடிந்தபோது பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது.

ஓணம் கழிந்து கட்டைப் பிரித்தார்கள். நடுவிரல் கோணலாக நின்றாலும் பிடி வந்துவிட்டது. "இனிமே பழையபடி ரெண்டு கைக்கும் மாத்திண்டுடலாமே?" என்றார் பட்டாபி.

"வேண்டாம் சார். வலது கைக்கு வேற ஜோலி இருக்கு."

ஞானபாய் அன்றைக்கே மேசையைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். துணிக்கடை ஷட்டரை இழுக்கும் கொக்கி வைத்த பழைய இரும்புக் கம்பி ஒன்று மாடிப்படியில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து நாற்காலிக்கு வலதுபக்கம் தரையில் வைத்தாள். இடது கை புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும். வலது கை மடியில் கிடக்கும், வாடியதுபோல. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை.

பட்டாபி பேங்குக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் ராஜமணி வந்தான். ஏசி அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதுதான் அங்கே வழக்கம். அவன் செருப்போடு வந்தான், கையில் பரோட்டா கொத்தும் இரும்புத் தகட்டோடு. அவளுடைய இடது கை திரைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பதையும், வலது கை மடியில் சுருண்டு கிடப்பதையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். சிரித்தான்.

"ஒரு கை செத்தாச்சு. மத்ததையும் கொடு."

இடது மணிக்கட்டைப் பிடித்து விசைப்பலகையின்மேல் அழுத்தினான். கீகள் நசுங்கித் திரையில் என்னென்னவோ எழுத்துகள் ஓடின. அவன் தகட்டை ஓங்கினான். செத்த கையை அவன் கவனிக்கவே இல்லை. அது தரைக்குப் போய்க் கம்பியோடு வந்தது.

முதல் அடி அவனுடைய வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் ஏசி இரைச்சலுக்கு மேலே கேட்டது. தகடு விழுந்தது. அவன் கையைப் பொத்திக்கொண்டு குனிந்தான். பொத்திய கைகளின்மேல் அடுத்தது. அவன் தரையில் உருண்டு "ஏளா, வேண்டாம், வேண்டாம்" என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. காலால் அவனுடைய வலது முழங்கையை மிதித்துக்கொண்டு, விரித்துக் கிடந்த விரல்களைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். அவளுக்கு அது சுகமாக இருந்தது. கடைக்காரர்கள் ஏறிவந்து பிடித்தபோதும் கம்பியை விடவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இருவரையும் பார்த்துக் கொட்டாவி விட்டார். "ஃபேமிலி மேட்டர் அல்லே? ஒத்துத்தீர்ப்பு ஆக்கிக்கோ" என்று ராஜி பண்ணிக்கொள்ளச் சொன்னார். குழவியைப் பற்றியும் பஸ் ஸ்டாண்டைப் பற்றியும் பட்டாபி எடுத்துச் சொன்னார். அன்றைக்கு அந்த அக்கிரகாரத்து மனுஷருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது. ராஜமணி புகார் கொடுக்கவில்லை. பெண்டாட்டி அடித்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவனுக்கு மனமும் இல்லை, கையும் இல்லை.

எண்ணெய் மண்டிக்காரர் அவள் எழுதியதைப் பார்த்துத் தன் மச்சினன் கடைக்கும் ஒன்று கேட்டார். வேலை நிலைத்தது. அந்த நாற்காலியும் அவளுக்கே நிலைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலையில் மாடிப்படியின் கீழே ராஜமணி நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். வலது கை உள்பக்கமாக மடங்கி இறுகியிருந்தது. ஓட்டலில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்களாம். அவளைக் கண்டதும் அவனுக்கு அழுகை பொங்கியது.

"ஞானம், மாவு நிக்கமாட்டேங்குது. எங்க போனாலும் கையப் பாத்துட்டு அனுப்புதான். வா, வீட்டுக்குப் போவோம். இனி தொடமாட்டேன், சத்தியமா."

அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கை மாவை வீசுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு, பத்தொன்பது வயதில் ஓட்டல் வாசலில் நின்றவள்தானே.

"எனக்கும் ஒத்தக் கைதான் மிச்சம் வச்சிருந்தீங்க" என்றாள். "நான் பழகினேம்லா. நீங்களும் பழகுங்க."

"ஒத்தக் கையால பரோட்டா வீச முடியாது ஏளா! ஒனக்குத் தெரியாதா?"

"அறிஞ்சுதான் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டு ஞானபாய் படியேறினாள்.