நன்றியுரையில் விட்ட பெயர்

பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மேலபோங்க’. எந்த ஆராய்ச்சி மாணவர் எதை எழுதிக்கொண்டு போனாலும் கடைசி வரிவரை படித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு, மேல போங்க” என்பார். நன்றாக வராததற்கும் அதே பேச்சுதான், ஓரத்தில் பென்சில் குறிப்புகள் மட்டும் கூடியிருக்கும். போன வருஷம் அவர் இறந்த செய்தியை என்கூடப் படித்தவன்தான் சொன்னான். “மேலபோங்க மேலயே போயிட்டார்டா” என்றான். சொல்லிவிட்டு அவன் அழுதான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று காட்ட அதுவே போதும். ஆனால் இங்கே சொல்ல வந்த அசிங்கம் வேறு.

மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாரை ஒட்டினாற்போல அவருடைய அறை. மோட்டார் ஓடும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வேறு அறை கேட்கலாமே சார் என்றால், “அந்த இருபது நிமிஷம்தான் யாரும் பேசாம நான் படிக்க முடியுது” என்பார். துறைத் தலைவர் பதவி இரண்டு தடவை அவர் பக்கம் வந்து இரண்டு தடவையும் கை நழுவிப் போனது. தட்டிக்கொண்டு போனவர்தான் எனக்கு நெறியாளர். இருவருக்கும் பேச்சு கிடையாது. அதாவது, தலைவர் பேசமாட்டார். இவர் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தலைவர் என் ஆய்வேட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். “நல்ல கனம்” என்றார். படித்தது மேலபோங்கதான். ஐந்து இயல்கள், ஒவ்வொன்றும் மூன்று தடவை. இரண்டாம் இயலில் முட்டிக்கொண்டு நின்ற நான் ஒருநாள் போய், “இதை விட்டுட்டு வேலைக்குப் போறேன் சார்” என்றேன். அவர் கோபப்படவில்லை, தைரியமும் சொல்லவில்லை.

“தாராளமாப் போங்க. இந்த ஒரு பத்திய மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு தெரியாம எனக்கு மண்டை வெடிச்சுடும்.”

அந்தப் பத்தியை முடிக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் மூன்றாம் இயல் பிடிபட்டுவிட்டது. அப்புறம் எங்கே வேலைக்குப் போவது?

எல்லாம் முடிந்து நன்றியுரை எழுதினேன். மூன்று பக்கம். துறைத் தலைவர், அவர் மனைவி, நூலகர், தட்டச்சுக் கடைக்காரர், விடுதிக் காவலாளி வரைக்கும் நன்றி சொன்னேன். மேலபோங்க பெயர் மட்டும் இல்லை. மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாய்மொழித் தேர்வு தலைவர் கையில் இருந்தது, வேலைக்கான பரிந்துரைக் கடிதமும் அவர் கையில்தான் இருந்தது. ‘ஆராய்ச்சி என்றால் என்னவென்று எனக்குக் கற்று கொடுத்த துறைத் தலைவர்’ என்று கை கூசாமல் எழுதினேன்.

அந்தப் பக்கங்களை மேலபோங்க கண்ணில் காட்டுவதாக இல்லை. பிழை திருத்த இயல்களை மட்டும் கொடுப்பதாகத் திட்டம். அந்த வேலைக்கு மட்டும் அவர் வேண்டும், பாருங்கள். தட்டச்சுக் கடைக்காரர் நன்றியுரையோடு சேர்த்து முழுத் தாள்கட்டையும் அப்படியே அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். படிக்கிறவர் யார் என்று கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

நான்காம் நாள் சார் கூப்பிட்டுக் கொடுத்தார். நன்றியுரையைப் புரட்டினேன். மூன்று பக்கத்திலும் சேர்த்து ஒரே ஒரு பென்சில் குறி. ‘கற்று’க்கும் ‘கொடுத்த’வுக்கும் நடுவில் ஒரு ‘க்’ சேர்த்திருந்தார். என் பொய்யில் இருந்த சந்திப்பிழையைத் திருத்தியிருந்தார்.

“நல்லா வந்திருக்கு. மேல போங்க” என்றார்.

போனேன். பட்டம், வேலை, பதவி உயர்வு என்று போய்க்கொண்டே இருந்தேன். ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்பார்கள். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த அவரைப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது?

அவர் போன மூன்றாம் மாதம் அவர் மனைவி போன் செய்தார்.

“தம்பி, அவர்கிட்ட படிச்சவங்க எழுதின நன்றியுரை எல்லாத்தையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போடறோம். உங்களோடதையும் தேடி எடுத்துட்டேன். அதுல அவர் பேரு இல்ல.”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அவர்தான் வேணாம்னு சொன்னாராமே? ‘என் பேரு இருந்தா அந்தப் பையனுக்குத் தொந்தரவு, நான்தான் போட வேணாம்னேன்’னு அன்னிக்கே எங்கிட்ட சொன்னார். அப்படித்தானே?”

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஆமாம்மா” என்றேன்.

புத்தகம் வந்தது. முதலில் என் பக்கம்தான், ‘தம் பெயரே வேண்டாம் என்ற பெருந்தன்மை’ என்ற தலைப்போடு. வெளியீட்டுக் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். “ஆசிரியர் சொல்லைத் தட்டாத மாணவர்” என்றார் ஒருவர். கைதட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன்.

ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சாப்பாட்டு மேசையில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“அம்மா, சார் அப்படிச் சொல்லல. நானாத்தான் விட்டேன். தலைவருக்குப் பயந்து.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

“அன்னிக்கு நான் அவரோட சண்டை போட்டேன்” என்றார். “ராப்பகலாத் திருத்தினது நீங்க, பேரு மட்டும் கசக்குதான்னு கேட்டேன். பத்து நாள் பேசல. அவர் வாயே திறக்கல. அதுக்கப்புறம் எதுக்கெடுத்தாலும் அதையேதான் சொல்லிக் காட்டுவேன். பிழைக்கத் தெரியாத மனுஷன், சொந்தப் பேரையே வேணாம்னு சொன்ன மனுஷன்னு. ஆஸ்பத்திரில கடைசி வாரங்கூடச் சொன்னேன்.”

அச்சுப்படியிலிருந்து என் பக்கத்தைத் தனியே உருவி எடுத்தார்.

“அந்தத் திட்டு அவ்வளவும் உங்களுக்கு வர வேண்டியது தம்பி” என்றார்.