பெரியப்பா கொடுத்தனுப்பிய வளையங்கள்

எங்கள் வீட்டில் யாராவது பெரியப்பாவின் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மாடு அப்போதுதான் குடித்திருந்தாலும் போவார். காட்டைப் பாகம் பிரித்தபோது கிணற்றுக்குப் போகும் பாதை யாருக்கு என்று ஆரம்பித்த வாக்குவாதம், அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனதில் முடிந்திருந்தது. பெரியப்பா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தின் ஓரத்திலிருந்த தன் சிறிய ஓட்டு வீட்டுக்கே போய்விட்டார். பெரியம்மா இறந்து, அவர்கள் மகனும் திருப்பூருக்கு வேலைக்குப் போனபிறகு அங்கே அவர் தனியாள். நாங்கள் கீழே சிலமலையில் இருந்தோம்.

ஆனாலும் உறவு முழுக்க அறுந்துவிடவில்லை. அம்மா சீசனில் ஜீப்பேறி ஏலக்காய் எடுக்க மலைக்குப் போவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளென்றால் நானும் தொற்றிக்கொள்வேன். அம்மா செடிகளுக்குள் நுழைந்ததும் நான் பெரியப்பா வீட்டுக்கு ஓடிவிடுவேன். இது அப்பாவுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வார்.

இளவயதில் அவர்கள் இருவரும் ஒரே மாதிரி இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சைலன்சர். கியர் போடுகிற கம்பியையே மேலே திருப்பி உதைத்தால் ஸ்டார்ட் ஆகும் பழங்காலத்து வண்டி. அப்பாவுடையது என்ஜின் இறுகிப் பிடித்துப்போய் எங்கள் கிணற்றடி பம்புசெட் அறையில் உரச்சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. அதன்மேல் கோழி அடைகாத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். அப்படியே கிடந்திருக்கும். ஒருநாள் ஜீப் ஓட்டுகிறவர் எங்கள் வாசலில் நின்று பேசும்போது, "ஒங்க அண்ணன் வண்டி இன்னும் கல்லு மாதிரி இருக்குண்ணே. காலையில அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் நாங்க டீயே குடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உரச்சாக்குகள் வெளியே வந்தன.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாடைதான். வண்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழுவிப் பழைய சேலையில் பரப்பினார். விளக்குக் கண்ணாடி தேனியில் கிடைத்தது. சீட்டும் பெட்ரோல் டேங்க் மூடியும் மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தன. தேய்ந்துபோன பிஸ்டனுக்குப் பதிலாகக் கொஞ்சம் பருமனான, எழுபத்தைந்து என்று எண் போட்ட ஒன்று அகப்பட, அதற்குத் தகுந்தபடி லேத்தில் கொடுத்துச் சிலிண்டரையும் குடைந்து வாங்கிவிட்டார். கிடைக்காதது ஒன்றுதான். பிஸ்டனைச் சுற்றி வளையல் போல மாட்டுகிற இரும்பு வளையங்கள். ரிங் என்பார்கள். அதே பருமனுக்கு உரிய ரிங் இரண்டு வேண்டும். எங்கேயும் இல்லை.

அவை இருக்குமிடம் அப்பாவுக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் மதுரையில் ஒரு கடையை மூடும்போது அண்ணனும் தம்பியுமாய்ப் போய் ஒரு டப்பா நிறைய சாமான் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த டப்பா பெரியப்பாவிடம் இருந்தது.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒம் மக மேல போறப்ப, அங்க ஒரு டப்பா இருக்கும். எழுபத்தஞ்சு சைஸ் ரிங்கு ரெண்டு கெடக்கான்னு கேக்கச் சொல்லு."

"யாருகிட்ட கேக்க? டப்பாகிட்டயா?" என்றாள் அம்மா.

அப்பா தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனார்.

நான் போய் நின்றபோது பெரியப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் "யாரு?" என்று கேட்பார். "நாந்தான் பெரியப்பா" என்றதும் முகமெல்லாம் சிரிப்பாகி "வா ஆத்தா" என்பார். மலையில் இருந்து இருந்து அவர் பேச்சில் அந்தப் பக்கத்துச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "கட்டன் சாயா குடிக்கிறியா?" என்று கேட்டுப் பாலில்லாத டீயைத் தம்ளர் நிரம்பி வழிய வழிய ஊற்றினார். எங்கள் வீட்டில் யாரும் எனக்கு அவ்வளவு தாராளமாக ஊற்றியதில்லை.

அன்று நான் அவருக்காக ஒரு படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவருடைய வண்டிதான். சிவப்பு டேங்க், இரண்டு சைலன்சரிலும் புகை. அவர் அதை ஜன்னல் பக்கம் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சக்கரம் மேலே இருந்தது. தலைகீழாகப் பிடித்திருந்தார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார். "நல்லா இருக்கு ஆத்தா. அப்படியே இருக்கு" என்றார்.

அப்பா கேட்டனுப்பியதைச் சொன்னதும் "அவனா கேட்டான்?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு டப்பாவை மடியில் வைத்து உள்ளே கையை விட்டுத் துழாவி, இரண்டு ரிங்குகளை எடுத்துத் துணியில் சுற்றினார். "பத்திரமாக் கொண்டு போ. இழுத்தா ஒடிஞ்சிரும்னு ஒங்கப்பன்கிட்டச் சொல்லு. அவனுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லு."

ரிங் சரியா என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. அதைச் சிலிண்டருக்குள் விட்டால் வெட்டுப்பட்ட இரண்டு நுனிகளும் மயிரிழை இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அப்பா விட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு நெல்லைப் படுக்கவைக்கலாம் போலிருந்தது. ரிங்கின் ஓரத்தில் பொடியாகப் பதித்திருந்த எண்ணைப் பார்த்தார். இருபத்தைந்து.

அடுத்த தடவை அனுப்பியவை உள்ளேயே போகவில்லை. நூறு.

"கண்ணத் தொறந்து பாத்துக் குடுத்தா என்னவாம்?" என்றார் அப்பா.

அதற்கடுத்த தடவை ஒன்று ஐம்பது, இன்னொன்று நூறு. அப்பா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் காட்டினார். "வேணும்னே செய்றான். நான் மேல ஏறி வந்து கெஞ்சணுமாம்" என்றார். எனக்கு மட்டும் பெரியப்பா மேல் கோபமே வரவில்லை. ரிங் சரியாக இருந்துவிட்டால் நான் மறுபடி போகக் காரணம் இருக்காதே.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு ஜீப்பில் ஏறினார். சண்டைக்குப் போகிறவருக்குச் சலவைச் சட்டை எதற்கென்று அம்மா என் காதில் கேட்டாள். அன்று அம்மாவும் காய் எடுக்கப் போகாமல் எங்கள் பின்னாலேயே வந்தாள்.

பெரியப்பா முற்றத்தில் வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்துக்குத் தலை நிமிர்ந்தார்.

"யாரு?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரா? யாருன்னு கேக்குற அளவுக்கு ஆகிப்போனனா?"

பெரியப்பா எழுந்து நின்றார். எண்ணெய்த் துணி கையிலிருந்து விழுந்தது. அப்பா தான் கொண்டுவந்த ரிங்குகளை மர பெஞ்சில் வைத்தார். "ஒண்ண எடுத்து, அதுல என்ன சைஸ் போட்டுருக்குன்னு படி."

பெரியப்பா ஒன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டே வைத்தார். வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். "எழுபத்தஞ்சு" என்றார்.

அப்பா வாங்கிப் பார்த்தார். இன்னொன்றைக் கொடுத்தார். "இது?"

"அதுவும் அதான்."

அப்பாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "நான் என்ன கலர் சட்டை போட்டுருக்கேன்?"

பெரியப்பா தலையைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு விடை தெரிந்ததால் "நீலம்" என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"அண்ணே" என்றார் அப்பா. அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. "எம்புட்டு நாளா?"

"போன மழையில இருந்து. சர்க்கரைதான். நடுவுல புகை மாதிரி நிக்குது. ஓரத்துல கொஞ்சம் தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ரிங்கு கேக்குறத நிறுத்திருவ. நீ கேட்டு விடுறதும், நான் எடுத்து விடுறதும்... நல்லாத்தான இருந்துச்சு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு இதில் அழ என்ன இருக்கிறதென்று புரியவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்திக்குக் கரும்பலகை தெரியாமல் இருந்து, கண்ணாடி போட்டதும் தெரிந்துவிட்டது. பெரியப்பாவும் சர்க்கரையைக் குறைத்து ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

அப்பா டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். எழுபத்தைந்து இரண்டும் அதில்தான் இருந்தன. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவற்றைத் தேடித்தான் அவ்வளவு தூரம் வந்தோம் என்பதே மறந்துவிட்டவர் போல, "துணிமணிய எடு. காலையில ஆசுபத்திரிக்குப் போறோம்" என்றார்.

"வண்டிய விட்டுட்டு வரமாட்டேன்."

"யாரு விடச் சொன்னா? சாவி எங்க?"

மதுரையில் எத்தனையோ முறை வைத்தியம் பார்த்தோம். மிச்சமிருந்த பார்வையைக் காப்பாற்ற முடிந்தது. போனது போனதுதான். பெரியப்பா எங்களோடு சிலமலையிலேயே இருந்துவிட்டார். அப்பாவின் வண்டியும் ஓடியது. ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்பது அன்று சாயங்காலம் மலை இறங்கியதுதான்.

அவர்கள் இருவரும் பெரியப்பாவின் வண்டியில் முன்னால் கிளம்பினார்கள். அப்பா ஓட்ட, பெரியப்பா பின்னால் துணிப்பையோடு. வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் கழித்துக் கிளம்பிய எங்கள் ஜீப், பாதி மலையிலேயே அவர்களைப் பிடித்துவிட்டது. மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அப்பா திரும்புவதற்கு முன்பே பெரியப்பாவின் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜீப்காரர் ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்துப்போனார். பெண்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு வண்டி ஓட்டவே மறந்துவிட்டதென்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

கீழே சமவெளி முழுவதும் திறந்து தெரிகிற ஒரு வளைவில் அப்பா வண்டியை ஓரங்கட்டினார். இருவரும் இறங்கிச் சுவரோரம் நின்றார்கள். நாங்கள் கடந்து போகும்போது அப்பா பெரியப்பாவின் தோளில் ஒரு கையைப் போட்டு, மறுகையைக் கீழே நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். காற்றில் அவர் குரல் துண்டுதுண்டாகக் கேட்டது. "...அந்தா சிலமலை. அதுக்கங்கிட்டு ராசிங்காபுரம். இப்ப வெயிலு தேவாரத்துப் பக்கம் விழுகுது. நம்ம கெணத்துக்கிட்ட யாரோ தீய வச்சிருக்கான், புகை தெரியுது..."

பெரியப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா பொறந்து வளந்த ஊரு. அவருக்குப் போயி எதுக்கும்மா இதெல்லாம் சொல்றாரு அப்பா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, வளைவு மறையும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.