தலைகீழாக நின்ற பத்து நிமிடம்

என் வேனின் இடது பக்கக் கண்ணாடி ஒரே வருடத்தில் மூன்று முறை உடைந்தது. முதல் முறை ஷேர் ஆட்டோக்காரரைத் திட்டினேன். இரண்டாவது முறை மின்கம்பத்தை ரோட்டுக்குள் நட்டுவைத்தவர்களைத் திட்டினேன். மூன்றாவது முறை திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஓரமாக நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியில் நானே போய் உரசியிருந்தேன்.

நான் அவனியாபுரத்தில் பதினாறு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். கண்ணாடி மாட்டிக் கொடுத்த மெக்கானிக், "என்னண்ணே, ஒங்களுக்கும் இடது பக்கத்துக்கும் ஆகாதா?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் முதல் அறிகுறி. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. நேரே பார்த்தால் முன்னால் போகிற பஸ்ஸின் நம்பர் துல்லியமாகத் தெரிந்தது. இதை வாசிக்கிற உங்களுக்கு ஒரே பக்கம் அடிக்கடி இடிபடுகிறது என்றால், யாரையும் திட்டாமல் முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

நோய்க்கு முன்னால் யோகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அது செய்த நல்லதை மறைத்தால் நன்றிகெட்டவன் ஆவேன்.

நாற்பத்திரண்டு வயதில் இடுப்பு வலி வந்து, வேனிலிருந்து இறங்கும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், முகூர்த்தம் இல்லாத நாட்களில், காலை ஐந்தரைக்கு யோகா வகுப்பு நடந்தது. மாஸ்டர் என்னைவிட நாலைந்து வயது சிறியவர். மூன்று மாதத்தில் வலி குறைந்தது. ஆறு மாதத்தில் தூக்கம் வந்தது. குறுக்கே பைக்கில் வருகிறவனை அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டுகிற பழக்கம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. என் மனைவி முருகேஸ்வரிதான் கவனித்தாள். "இப்பத்தான் மனுசனோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

பிறகு சிரசாசனம் வந்தது. முதலில் சுவரில் சாய்ந்து, பிறகு சுவர் இல்லாமல். வகுப்பில் புதிதாக யாராவது சேர்ந்தால் மாஸ்டர் என்னைத்தான் செய்துகாட்டச் சொல்வார். பள்ளிக்கூட மைதானத்தில் ஒருமுறை காக்கிச் சட்டையோடு தலைகீழாக நின்றேன். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் ஒரு வாரம் சுற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைப் படம் எடுத்துப் பகிர்ந்ததில்லை.

தண்ணீர் லாரியில் உரசிய அடுத்த மாதம் அது நடந்தது.

மாலை டிரிப். தர்ஷினி என்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அவள் தெருமுனையில் இறக்கினோம். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடும் பஞ்சு அக்கா கதவைச் சாத்திவிட்டு, "போலாம்" என்றார். இடது பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. கிளச்சை விட்டேன். "அண்ணே, நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று பஞ்சு அக்கா கத்திய கத்தலில் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

தர்ஷினி முன் பம்பரின் இடது முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்திருக்கிறாள். எடுத்துக்கொண்டு எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள். அவள் முழு நேரமும் அங்கேதான் இருந்தாள். நான் பார்த்தேன், அங்கே ரோடு மட்டும்தான் இருந்தது. என் கண் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மீதிப் பிள்ளைகளை வீடு சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

மறுநாள் காலையிலேயே முருகேஸ்வரியும் நானும் கண் மருத்துவமனைக்குப் போனோம். எனக்குக் கிளாக்கோமா என்றார்கள் (கண்ணுக்குள் இருக்கிற நீரின் அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிற நோய், பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும்). இரண்டு கண்ணிலும் இருந்தது. இடது கண்ணில் அதிகம்.

பார்வைப் புலச் சோதனை என்று ஒன்று வைத்தார்கள் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது). இருட்டறையில் ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும்.

நான் காத்திருந்தேன். வெளிச்சம் வரவில்லை. ஆனால் கருவிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி 'டிக்'. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வெளிச்சம் மின்னுகிறது, அது எனக்குத் தெரியவில்லை என்று விளங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க ஆரம்பித்தேன். பரீட்சையில் பிட் அடிக்கிற மாதிரி.

சோதனை எடுத்த பெண் வந்து தோளைத் தொட்டார். "அண்ணே, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. நீங்க சும்மா அமுக்குறதையும் மெஷின் எழுதிக்கிடும்."

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். என் பார்வையின் ஓரங்களில் கறுப்பு படிந்திருந்தது. "போனது திரும்பி வராது. மீதி இருக்கிறதைக் காப்பாத்துவோம். தினமும் ராத்திரி எட்டு மணிக்குச் சொட்டு மருந்து. ஒருநாள்கூட விடக்கூடாது" என்றார். பிறகு, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். "ஆறு மாசம் கழிச்சு அடுத்த சோதனை. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

வேன் சாவியை மனைவியின் அண்ணனிடம் கொடுத்தேன். "கவலப்படாதீங்க மாப்ள, ஆறு மாசம் நான் பாத்துக்கிறேன். அப்பறம் ஒங்க வண்டி ஒங்களுக்கு" என்றார். ஆறு மாதம். அதற்குள் கண்ணைச் சரிசெய்துவிட வேண்டும், மறுபடி அந்த இருக்கையில் உட்கார வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இங்கேதான் என் முட்டாள்தனம் ஆரம்பித்தது. சிரசாசனம் செய்தால் கண்ணுக்கு ரத்தம் பாயும், பார்வை கூர்மையாகும் என்று வகுப்பில் யாரோ பேசிக்கொண்டது என் மண்டையில் ஒட்டியிருந்தது. என் இடுப்பைக் குணமாக்கிய யோகா கண்ணைக் கைவிடுமா? மூன்று நிமிடம் நின்றவன் ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு ஏழு. கடைசியில் வீட்டிலேயே, செல்போனில் அலாரம் வைத்து, பத்து நிமிடம்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். மாஸ்டரிடம் கண் நோயைச் சொல்லவில்லை. இனிமேல் செய்துகாட்டக் கூப்பிட மாட்டாரோ என்ற பயம். இரண்டு பேரிடமும் பாதி பாதி சொன்னேன். யாராவது ஒருவரிடம் முழுதாகச் சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் தடுத்திருப்பார்கள். இதை எழுதும்போதும் என் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

தலைகீழாக நிற்கும்போது கண் இரண்டும் பிதுங்குகிற மாதிரி இருக்கும். மருந்து வேலை செய்வது போல இதுவும் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு மாதம் முடிந்து சோதனைக்குப் போன அன்று மருத்துவமனை நடைபாதையில் முருகேஸ்வரியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் வளையல் என் உள்ளங்கையில் பதிந்துவிட்டது. இந்த முறை ஏமாற்றாமல் அமுக்கினேன். வெளிச்சம் தெரியாத 'டிக்' சத்தங்கள் கூடியிருந்தன.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "எனக்குப் புரியல. அழுத்தம் பதினாறுதான் இருக்கு. நல்லா கட்டுப்பட்டிருக்கு. ஆனா கறுப்பு கூடியிருக்கே. மருந்தை ஒழுங்கா விட்டீங்களா? ஆபரேஷன் பத்தி யோசிக்கணுமோ?"

முருகேஸ்வரிதான் பதில் சொன்னாள்.

"சொட்டு மருந்தெல்லாம் நாந்தான் விடுறேன் டாக்டரம்மா, ஒருநாள் தப்பல. ஆனா இன்னொன்னு இருக்கு. இவரு தெனமும் தலைகீழா நிக்கிறாரு. பத்து நிமிசம். மொகமெல்லாம் செவந்துபோயி பாக்கவே பயமா இருக்கும். கேட்டா கண்ணுக்கு நல்லதுங்கிறாரு."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. கண் அழுத்தத்தை அளக்கிற கையடக்கமான ஒரு கருவியை எடுத்தார். என்னைப் படுக்கவைத்து, தலையைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கவிடச் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து அளந்து, எண்ணை என்னிடமே காட்டினார். இருபத்தெட்டு.

"சும்மா தலையைத் தாழ்த்துனதுக்கே இம்புட்டு ஏறுது. நீங்க தலையில நிக்கும்போது எவ்வளவு ஏறியிருக்கும்? இங்க வந்து நேரா உட்காரும்போது எறங்கிடுது. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப, போனதெல்லாம் அதனாலதானாம்மா?"

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒங்களுக்கு நோய் முன்னாலயே இருந்திருக்கு. ஆனா அது நல்லது செய்யல."

அந்தப் பதிலோடுதான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். எவ்வளவை நோய் எடுத்தது, எவ்வளவை நானே அலாரம் வைத்துக் கொடுத்தேன் என்று யாருக்கும் தெரியாது. வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவிலேயே அழுதேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மண்டபத்து மாடிக்குப் போய் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான் சேர்ந்த அன்று கொடுத்த படிவம். கழுத்து வலி, ரத்தக் கொதிப்பு, கண் அழுத்தம், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று படிக்காமலே டிக் அடித்திருந்தேன். கீழே, 'புதிதாக நோய் வந்தால் உடனே தெரிவிப்பேன்' என்ற வரிக்கு அடியில் என் கையெழுத்து.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. "டாக்டர் யோகாவே வேணாம்னாங்களா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயத்துக்குக் கீழே தலை போகிற எதுவும் கூடாது, மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது, மற்றதைத் தாராளமாகச் செய்யுங்கள் என்றிருந்தார். மாஸ்டர் டாக்டரம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டு, எனக்கென்று ஒரு வரிசை எழுதிக் கொடுத்தார். நிற்கிறது, உட்காருகிறது, முதுகைத் திருப்புகிறது, மெதுவாக மூச்சு விடுகிறது. முன்பு கடைசி வரிசையில் கிழடுகள் செய்வதாக நான் கிண்டலடித்த அதே பயிற்சிகள்.

சிரசாசனத்தை நிறுத்திய ஒரு வருடம் கழித்து மறுபடி அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். மூச்சை மெதுவாக வெளியே விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். 'டிக்' என்றது. தெரியவில்லை, அமுக்கவில்லை. 'டிக்' என்றது. தெரிந்தது, அமுக்கினேன். யோகாவால் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான் என்று சிலர் நினைக்கலாம். தெரியாததைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு அந்த மூச்சு வேண்டியிருந்தது.

டாக்டரம்மா படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்படியே இருக்கு" என்றார். நான் கேட்டதிலேயே நல்ல செய்தி அதுதான். "வேன்?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது எந்தப் பக்கம் ஆடியது என்பது என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

மச்சான்தான் இப்போதும் ஓட்டுகிறார். காலையில் வேன் எங்கள் தெருவைத் தாண்டும்போது, ஜன்னலோரம் தர்ஷினி டாட்டா காட்டுகிறாளாம். முருகேஸ்வரி சொல்வாள். நான் முகத்தை முழுதாகத் திருப்பித் தேடுவதற்குள் வேன் போய்விடும். இப்போதெல்லாம் எதைப் பார்ப்பதற்கும் கழுத்து முழுதாகத் திரும்ப வேண்டும். உடம்பு அதற்குப் பழகிவிட்டது. மனசுக்குத்தான் இன்னும் பழகவில்லை. பாட்டிலை எடுக்கக் குனிந்த அந்தப் பிள்ளை இன்னும் என் இடது பக்கத்தில்தான் நிற்கிறாள்.

இரவு எட்டு மணிக்கு முருகேஸ்வரி மருந்தை விடுகிறாள். மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் அழுத்தி, இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். தலைகீழாக நின்ற பத்து நிமிடம் அந்தக் காலத்தில் சிட்டாய்ப் பறந்தது. இந்த இரண்டு நிமிடம் நகர மாட்டேன் என்கிறது.

காலையில் பயிற்சி முடிந்து சவாசனத்தில் மல்லாந்து கிடப்பேன். கை, கால், இடுப்பு, ஒவ்வொன்றாகத் தளரும். எழுந்து உட்கார்ந்த பிறகும் கண்ணைத் திறக்க மாட்டேன். எதிரே சுவிட்ச் போர்டு. அதற்கு இடது பக்கம், சுவரின் மூலையில், தினசரி காலண்டர். போர்டை நேராகப் பார்த்தால் காலண்டரின் வெள்ளை என் பார்வையின் ஓரத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் போய்விட்டது என்று அர்த்தம். இத்தனை ஆசனம் செய்தவனுக்குக் கண்ணைத் திறப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இன்று காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முருகேஸ்வரி நேற்றைய தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. மூச்சை விட்டேன். திறந்தேன்.

வெள்ளை இருந்தது. பிறகு கழுத்தைத் திருப்பித் தேதியைப் படித்தேன்.